கல்லாவுக்கு இந்தப் பக்கம்

நியூரம்பெர்க்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இழுப்பறை. முகப்பில் வெள்ளைப் பீங்கான் வில்லை, அதில் நீல எழுத்தில் ஒரு சொல். எனக்கு ஜெர்மன் தெரியாது. எழுத்துக் கூட்டி ‘இங்வர்’ என்று வாசித்தேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரப் பாட்டி தலையாட்டினார். விரல்களைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினார். இன்னொரு தடவை வாய்விட்டுச் சொன்னதும் விளங்கிவிட்டது. இஞ்சிவேர். நம் பக்கத்துச் சொல்தான் கிரேக்கம், லத்தீன் என்று கைமாறி ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது என்று மொழியறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் படித்திருக்கிறேன். ஆனால் பனி கொட்டும் ஊரில், ஒரு பொம்மைக் கடையின் முன் மண்டியிட்டு அதை வாசித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

நான் தங்கியிருந்த வீட்டின் கூடத்தில் அந்தக் கடை இருந்தது. கௌஃப்லாடன் என்கிறார்கள். அகலம் ஒன்றரை முழம் இருக்கும். பின்சுவர் முழுக்க இழுப்பறைகள், நடுவில் ஒரு மேசை, மேசைமேல் பித்தளைத் தராசு, காகிதப் பை மாட்ட ஒரு ஆணி. பாட்டியின் அம்மாவுக்கு அவருடைய சிறு வயதில் வந்த கிறிஸ்துமஸ் பரிசு. கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால், முதல் அட்வென்ட் ஞாயிறன்று பரணிலிருந்து இறங்கும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு மறுபடி துணி சுற்றிப் பெட்டிக்குள் போய்விடும். பதினோரு மாதம் எந்தக் குழந்தை அழுதாலும் வெளியே வராது. ஜெர்மன் வீடுகளில் இது வெகுகாலப் பழக்கம்.

கொலு வைக்கும் வீட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய வேட்டியில் சுற்றிய பொம்மைகளை அம்மா ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது வரும் கற்பூர வாடையும், பாட்டி வீட்டுப் பெட்டியில் வந்த மரப்பிசின் வாடையும் வேறு வேறுதான். பிரிக்கிற கையின் நிதானம் ஒன்றே. எங்கள் கொலுவிலும் ஒரு கடை உண்டு. படிகளுக்குக் கீழே தரையில் செட்டியாரும் ஆச்சியும் கால் மடித்து உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் சின்னத் தட்டுகளில் அரிசி, பருப்பு, மஞ்சள், மிளகாய். தட்டில் சரக்கை நிரப்புவது என் வேலை. என் பைத்தியம் தொடங்கியது அங்கேதான்.

பைத்தியம் என்று அம்மா சொல்வாள். நான்கு வருஷமாகத் தாத்தாவின் மளிகைக் கடையைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்த கடை. இப்போது அந்த இடத்தில் செல்பேசி ரீசார்ஜ் செய்கிறார்கள். ஒரு அடி ஒரு அங்குலமாகச் சுருங்கும் இந்த அளவுதான் உலகமெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் கணக்கு. பலகை, ஆணி, தகர டின் எல்லாவற்றையும் சுருக்கிவிடலாம். சரக்கில்தான் மாட்டிக்கொள்வோம். செட்டியார் தட்டில் வைக்கும் துவரம் பருப்பை என் கடைக் கோணியில் கொட்டினால், ஒவ்வொரு பருப்பும் உருளைக்கிழங்கு அளவு தெரியும். கடுகு நெல்லிக்காயாகிவிடும். பல நாள் அஞ்சறைப்பெட்டியோடு மல்லுக்கட்டியபிறகு கண்டுபிடித்தேன்: கொண்டைக்கடலைக்குக் கசகசா, அரிசிக்குச் சன்ன ரவை. நாட்டுச் சர்க்கரையைக் கொஞ்சம் ஈரமாக்கி உருட்டினால் வெல்ல அச்சு. கடையில் எல்லாம் வந்துவிட்டது. உத்தரத்திலிருந்து தொங்கும் நூல்கண்டு, கல்லாப்பெட்டி, படி, ஆழாக்கு, தாத்தா கையெழுத்தைப் பார்த்து எழுதிய இரண்டு சென்டிமீட்டர் பற்று நோட்டு. அந்த நோட்டு மட்டும் மூன்று வாரம் எடுத்தது. முதல் பக்கத்தில் ஒன்பது பேர் பாக்கி. மற்ற பக்கங்கள் வெள்ளை. முன்பக்கம் கண்ணாடி போட்டு நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கிவிட்டேன். தூசி படக்கூடாது பாருங்கள்.

பாட்டியின் கடைக்குக் கண்ணாடி இல்லை. பேத்திக்கு ஏழு வயது. நான் இழுப்பறையை வாசித்துக்கொண்டிருந்தபோதே அவள் கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, “வாஸ் டார்ஃப் எஸ் ஸைன்?” என்றாள். ஜெர்மன் கடைக்காரர்கள் வாடிக்கையாளரைக் கேட்கும் அதே கேள்வி. என்ன வேண்டும்? நான் ‘ட்ஸிம்ட்’ என்று எழுதிய இழுப்பறையைக் காட்டினேன். பட்டை. நிஜமான பட்டைத்தூள், காபிக் கரண்டியில் பாதி இருக்கும். அவள் தராசில் நிறுத்தாள். முள் நடுவில் நிற்கும்வரை விடவில்லை. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைச் சுழற்றிக் கூம்பாக்கி, சரக்கைக் கொட்டி, வாயை மடித்துச் செருகினாள். பொட்டலம்! தாத்தா கட்டிய அதே பொட்டலம், நூல் மட்டும் இல்லை. காசு வாங்கிக் கல்லாவில் போட்டவள், சட்டென்று ஒரு சின்னப் புட்டியைக் கவிழ்த்து நான்கு வண்ண மிட்டாய்களை என் உள்ளங்கையில் வைத்தாள். லீபஸ்பெர்லன் என்று பெயர், கடுகைவிடச் சற்றுப் பெரிய சர்க்கரை முத்துகள். கணக்கில் சேராதது. அதற்கு அவள் மொழியில் என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரிந்த சொல் கொசுறு.

வியாபாரம் முடிந்ததும் அவள் ஒரு நோட்டை எடுத்து எழுதினாள். பெரியவர் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும் அந்த நோட்டு. பாட்டி அதை வாங்கி முதல் பக்கத்தைக் காட்டினார். சாய்ந்த பழைய ஜெர்மன் எழுத்தில் அவர் அம்மா எழுதிய கணக்கு. சில பக்கம் தள்ளிப் பாட்டியே எழுதியது. பிறகு அவருடைய மகள். கடைசியில், ஈரம் காயாத ஊதா மையில், என் பட்டைத்தூள்.

போரில் இந்தக் கடை எப்படித் தப்பித்தது என்று கேட்டேன். 1945 ஜனவரி 2 இரவுக் குண்டுவீச்சில் நியூரம்பெர்க்கின் பழைய நகரம் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து குழந்தைகளைக் கிராமத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்களாம். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு யாரோ ஒருவர் கடையைக் கைவண்டியில் வைத்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். வீடு போயிற்று, கடை இருக்கிறது. பாட்டி அதற்குமேல் பேசவில்லை. லெப்கூகன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

லெப்கூகன் இந்த ஊரின் பெருமை. தேன், கொட்டைப் பருப்புகள், பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய் எல்லாம் சேர்ந்த மெத்தென்ற ரொட்டி. கடித்தபோது எங்கள் வீட்டு மசாலா டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. நடுக்காலத்தில் நியூரம்பெர்க் பெரிய வணிக வழிகள் கூடும் இடம். பணக்கார வணிகர்களை ஜெர்மானியர் ‘மிளகு மூட்டை’ என்றே கேலியாக அழைத்தார்கள். 1505இல் போர்ச்சுகீசியக் கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அதில் பணம் போட்ட ஜெர்மன் வணிகக் குடும்பங்களில் இந்த ஊரின் ஹிர்ஷ்ஃபோகல், இம்ஹோஃப் குடும்பங்களும் உண்டு. பிற்காலத்தில் அரிசி, காபி, மிளகு, பட்டை விற்கும் கடைக்கு ‘காலனிச் சரக்குக் கடை’ என்றே பெயர். எடேகா என்ற பெரிய ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்டின் பெயருக்குள் இன்றும் அந்தச் சொல்தான் ஒளிந்திருக்கிறது. காலனிச் சரக்கு வணிகர்களின் கூட்டுறவு என்பதன் முதலெழுத்துகளிலிருந்து பிறந்த பெயர் அது. பாட்டியின் பொம்மைக் கடை நெற்றியிலும் அதே பலகை. யாருடைய காலனி, யார் பறித்த மிளகு என்பதை ஏழு வயதுப் பெண்ணிடம் கேட்க முடியாது. ஆனால் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் பொம்மை அருங்காட்சியகம். லிடியா பையர், பௌல் பையர் தம்பதியின் சேகரிப்பைக் கொண்டு 1971இல் திறந்தது. பொம்மை வீடுகளின் வரலாறே இந்த ஊரைச் சுற்றித்தான் போகிறது. 1631இல் ஆன்னா கோஃபெர்லின் என்ற நியூரம்பெர்க் பெண்மணி ஒரு பெரிய பொம்மை வீட்டைக் கட்டி ஊராருக்குக் காட்டினார். பெண் குழந்தைகள் இல்லம் நடத்தும் முறையைப் பார்த்துக் கற்கட்டும் என்று விளம்பரத் தாளும் அச்சிட்டார். வீடு அழிந்துவிட்டது, தாள் மிஞ்சியிருக்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த வேறு வீடுகளை ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. பித்தளைப் பாத்திரம் அடுக்கிய அடுக்களையைப் பார்த்தால் எடுத்துக் கழுவத் தோன்றும்.

வீடுகளைவிடக் கடைகளிடம்தான் நான் அதிக நேரம் நின்றேன். துணிக்கடை, தொப்பிக் கடை, கசாப்புக் கடை, மளிகை. நிற்க நிற்க ஒன்று உறைத்தது. பொம்மை வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள்: அம்மா, குழந்தை, சமையற்காரி, தொட்டிலில் சிசு. கடையில் விற்பவர் மட்டும்தான். வாங்குபவர் இல்லை. பாட்டியின் கடையிலும் அப்படித்தான், எங்கள் செட்டியார் முன்னாலும் யாரும் நிற்பதில்லை. முன்சுவர் இல்லாத அந்தப் பெட்டி எதிரே வந்து நிற்கிறவரைத்தான் வாடிக்கையாளர் ஆக்குகிறது. நான்கு வருஷமாக அந்த இடத்தில் நான் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறேன்.

ஊர்ச் சந்தையில் உலர்ந்த பிளம் பழத்தைக் கம்பியில் கோத்துக் கைகால் செய்து, அக்ரூட் கொட்டையைத் தலையாக வைத்த மனிதர்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ட்ஸ்வெட்ஷ்கன்மென்லே. புகைபோக்கி துடைப்பவன் ஒருவனையும் மீன்காரி ஒருத்தியையும் வாங்கினேன். மீன்காரி எறும்புக்குப் பயந்து இப்போது ஃப்ரிட்ஜில் குடியிருக்கிறாள்.

ஆர்ன்ஸ்டாட்

வடக்கே துரிங்கியா. மலைக்காடு, ஓடை, சரிவில் ஓட்டு வீடுகள். 1703 முதல் 1707 வரை இசையமைப்பாளர் பாக் இளைஞராக ஆர்கன் வாசித்த ஊர் என்று கூட்டம் இங்கே வருகிறது. தொத்திறைச்சிப் பிரியர்களும் வருவார்கள். துரிங்கியத் தொத்திறைச்சி பற்றிய மிகப் பழைய பதிவு இந்த ஊர்க் கன்னிமாடத்தின் 1404ஆம் வருஷக் கணக்கில்தான் கிடைத்திருக்கிறது. கரி அடுப்புப் புகை சந்துக்குச் சந்து. எனக்கு வாய்த்தது உருளைக்கிழங்கு உருண்டை. பச்சைக் கிழங்கும் வெந்த கிழங்கும் பிசைந்து, நடுவில் வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டு வைத்து வேகவைப்பது. கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பவர்கள் இதைப் பார்த்தால் உறவு கொண்டாடுவார்கள்.

நான் வந்தது இளவரசி அவுகுஸ்டே டோரோதேயாவைப் பார்க்க. 1666இல் பிறந்து 1751இல் இறந்தவர். ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஒரே வேலையாக, தன் காலத்து உலகத்தையே பொம்மையாகச் செய்து வைத்தார். ‘மோன் ப்ளெஸீர்’, என் மகிழ்ச்சி, என்று அதற்குப் பெயர். எண்பத்திரண்டு அறைகள், ஏறத்தாழ நானூறு பொம்மைகள். அரண்மனைப் பெண்கள் துணி தைத்தார்கள், ஊர்க் கைவினைஞர்கள் மேசை நாற்காலி செய்தார்கள், எர்ஃபுர்ட் துறவிகள் மெழுகில் முகங்கள் வார்த்தார்கள் என்கிறார்கள். இப்போது ஊரின் அரண்மனை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

இங்கே கடைகளும் சந்தையும் உண்டு, வாங்குபவர்களும் உண்டு. பேரம் பேசுகிறவள், கூடை சுமப்பவள், வேடிக்கை பார்ப்பவன். ஒவ்வொரு முகமும் தனி முகம். ஒரு கிழவியின் கன்னக் குழிவை மறக்க முடியாது. கைவேலை என்று பார்த்தால் என் வாழ்நாளில் இதற்கு மேல் ஒன்றைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் முதல் அரை மணி நேரம் மனம் ஒட்டவில்லை. ஏன் என்று யோசித்தபடி நடந்தேன். எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது. எனக்கு நிற்க இடம் இல்லை. இந்தக் கடைகளில் வியாபாரம் முன்னமே முடிந்துவிட்டது.

அருகில் இருந்த காவலர் அம்மாள், நடுத்தர வயதுக்காரர், என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கைகாட்டி ஒரு அறைக்கு அழைத்துப்போனார். அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம்: அவளுக்குப் பிள்ளை இல்லை. 1716இல் கணவன் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம். கடன்மேல் கடன். ஆனாலும் நிறுத்தவில்லை. “இவர்கள்தான் அவளோடு பேசினவர்கள்” என்றார்.

மறுபடி முதல் அறையிலிருந்து வந்தேன். இந்த முறை ஆடை மடிப்புகளையும் மெழுகு விரல்களையும் விட்டுவிட்டு, இதைச் செய்தவளின் சாயங்காலங்களை நினைத்துக்கொண்டு பார்த்தேன். தன் சந்தையில் தானே போய் நிற்க முடியாத ஒரு இளவரசி, தனக்குப் பதிலாக ஆட்களைச் செய்து அனுப்பியிருக்கிறாள். அவளிடம் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? கடன் வாங்கிப் பொம்மை செய்தாளே என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் உதட்டைப் பிதுக்கலாம். நான் மாட்டேன். ஊரைப் பிடித்து அடிக்கப் படை திரட்டிக் கடனாளியான ராஜாக்களுக்குச் சிலை இருக்கிறது.

ஸைஃபன்

கிழக்கே, செக் நாட்டு எல்லையை ஒட்டிய தாது மலைகளில் ஒரு கிராமம். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. இருட்டில் வந்ததே நல்லதாயிற்று. ஒவ்வொரு சன்னலிலும் மரத்தால் ஆன வளைவு, அதன்மேல் வரிசையாக விளக்குகள். பனிச்சரிவு முழுக்க மஞ்சள் வெளிச்சம். சுரங்கத் தொழிலாளி விடியுமுன் இறங்கி, இருட்டியபின் ஏறுகிறவன். குளிர்காலம் முழுவதும் பகலைப் பார்க்காதவன். அவனுக்காக வைத்த விளக்கு என்று சொல்கிறார்கள்.

இங்கே வெள்ளீயம் எடுத்தார்கள். ஓடை மணலை அலசித் தாது பிரிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் ஊருக்கே பெயர். வெள்ளீயம் குறையக் குறையக் கைகள் கடைசல் பட்டறைக்குப் போயின. 1849இல் சுரங்கம் மூடியபோது ஊர் ஏற்கெனவே பொம்மை ஊராகிவிட்டிருந்தது. அதற்கும் வெகுமுன்பே, 1699இல், இந்த ஊர் வணிகர் ஒருவர் மரச் சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி லைப்சிக் சந்தைவரை போயிருக்கிறார்.

திறந்தவெளி அருங்காட்சியகத்தின் கடைசல் பட்டறையில் பெரியவர் ஒருவர் வளையம் கடைந்தார். இதை எப்படிச் சொல்வேன்! ஈரமான ஸ்ப்ரூஸ் மரத்தின் வட்டத் துண்டு சுழல்கிறது. உளி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, சீவல் நாடாவாகப் பறக்கிறது. பார்த்தால் வரிவரியாகப் பள்ளம் விழுந்த வெறும் வளையம். நமக்கு ஒன்றும் புரியாது. அவர் வளையத்தைக் கழற்றிக் கட்டையில் வைத்து, கத்தியை ஊன்றி, சுத்தியால் ஒரு தட்டு. துண்டு பிளந்து விழுந்தது. பசு! முதுகு, வயிறு, கால், தலை. இன்னொரு தட்டு, இன்னொரு பசு. கேக் வெட்டுவதுபோல ஒரே வளையத்திலிருந்து மந்தையே வந்தது. கடையும்போது அவருக்கும் பசு தெரியாது. உள்ளே இருக்கும் வடிவத்தைக் கை மட்டும் அறியும். 1800ஐ ஒட்டி இந்தப் பக்கத்தில் பிறந்த வித்தை.

அம்பாசமுத்திரத்தில் மரச் செப்பு கடைகிற ஒருவரிடம் ஒருமுறை அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் நிறம் உருகிப் படரும். இட்லிப் பானை, உரல், திருகை, குடம். அவர் வேலை செய்யும்போது பேசவே மாட்டார். இந்தப் பெரியவர் ஓயாமல் பேசினார், கை அது பாட்டுக்குப் போனது. தன் பாட்டியின் கதையைச் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் வேலை. அப்பா கடைவார், அம்மா ஒட்டுவார், பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் வர்ணம் தீட்டும். அறுபது எண்ணிக்கைக்கு ஒரு ‘ஷோக்’. கூலி ஷோக் கணக்கில். பொம்மைக் கடைகளுக்கான சின்னச் சின்ன ஜாடி, புட்டி, முட்டைக்கோஸ், ரொட்டி எல்லாம் இப்படி மலை வீடுகளின் அடுப்படி மேசையில் பிறந்து, வணிகர் கைமாறி, நகரத்துக் கிறிஸ்துமஸ் மரங்களுக்கு அடியில் போய் உட்கார்ந்தவைதான்.

“உங்கள் பாட்டியிடம் பொம்மைக் கடை இருந்ததா?” என்று கேட்டேன்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். “கடைக்கு ரொட்டி செய்தாள். ஆயிரக்கணக்கில். கடை இல்லை.”

அன்று இரவு விடுதியில் வேகவைத்த உருளைக்கிழங்கும், க்வார்க் என்ற கெட்டித் தயிரும், மேலே ஊற்றிய ஆளிவிதை எண்ணெயும் சாப்பிட்டேன். எண்ணெயில் லேசான கசப்பு. ஏழைச் சாப்பாடு என்று பரிமாறியவள் வெட்கத்தோடு சொன்னாள். தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பழைய சோறும் மோர்மிளகாயும் பற்றி அவளிடம் சொன்னபோது புரிந்த மாதிரி சிரித்தாள்.

கிளம்பும் காலையில் பெரியவரிடம் போய், சரக்கு அள்ளுகிற கரண்டி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். இழுப்பறை அளவை விரலால் காட்டினேன். எதற்கு, காட்சிக்கா என்றார். இல்லை, அள்ளத்தான் என்று வாயில் வந்துவிட்டது. ஒரு மரச் சில்லை எடுத்து, பேசிக்கொண்டே கடைந்து, குடைந்து கொடுத்தார். காசு வாங்கினார். மீதிச் சில்லறையோடு ஒரு ரொட்டியும் கொடுத்தார், பட்டாணி அளவில், மேலே மூன்று கீறலுடன்.

சென்னை

வந்த மூன்றாம் நாள் திருகாணிகளைக் கழற்றினேன். எதிர்வீட்டுப் பெண் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இத்தனை நாளும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போகிறவள். கல்லாவுக்குப் பின்னால் அவளை உட்காரச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் ரவையும் கசகசாவும் கலந்துவிட்டன. நூல்கண்டு அறுந்தது. வெல்லத்துக்கு எறும்பு வந்தது. ஐம்பது கிராம் படிக்கல் ஒன்று சோபாவுக்குள் எங்கோ போயிற்று. முதலில் வயிற்றைப் பிசைந்தது, மறைக்க மாட்டேன். படிக்கல்லுக்காக சோபாவையே கவிழ்த்துத் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தரையில் உட்கார்ந்து கால் கிலோ கொண்டைக்கடலை கேட்டேன். ஸைஃபன் கரண்டியால் அள்ளி, நிறுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு பொட்டலம் மடித்தாள். என்னிடம் காசு இல்லை.

“பரவாயில்ல ஆன்ட்டி, அப்புறம் குடுங்க” என்று தாத்தாவின் பற்று நோட்டைத் திறந்தாள். வெள்ளையாக விட்டிருந்த இரண்டாம் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் என் பெயரை எழுதினாள். கோடு தாண்டி எழுத்து வெளியே போயிற்று. பக்கத்தில் நாற்பது ரூபாய்.